பல் நிபுணருக்கு யார் புள்ளி போடுறது?

பரீட்சை எண்டால் எங்கட சனத்துக்கு ஒரு தனி மரியாதை. புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளியைத் தாண்டின பிள்ளைக்குச் சந்தியில பனர் கட்டுவம். உயர்தரத்தில மூன்று ஏ எடுத்தால் பத்திரிகையில படம் வரும். உயிரியல் பிரிவில் படிச்ச பிள்ளை பேராதனைக்குப் பல் மருத்துவம் படிக்கத் தெரிவானால், மருத்துவ பீடம் கிடைக்காத கவலை கொஞ்சம் இருந்தாலும், வீட்டில ‘டொக்டர்’ எண்டு கூப்பிடத் தொடங்கிவிடுவினம். அதோட எங்கட கவனம் முடிஞ்சிடும். அந்தப் பிள்ளை பட்டம் எடுத்த பிறகு நிபுணராக வர இன்னும் எத்தனை பரீட்சைக்கு இருக்கவேணும், அதில யார் கேள்வி கேட்கினம், எதைப் பார்த்துப் புள்ளி போடுகினம் எண்டு ஒருத்தரும் கேட்கிறதில்லை.

ஆனால் எங்கட வாய்க்குள்ள நேரடியா வந்து நிற்கிறது அந்தக் கடைசிப் பரீட்சைதான். உயர்தரத்தில எடுத்த இஸட் புள்ளி ஒரு நோயாளிக்கும் உதவாது. தாடை எலும்பில வளர்ந்த கட்டியை எடுக்கிற கை தேர்ந்த கையா, தங்கச்சியின் பல்லுக்குக் கம்பி போடுகிறவர் அதுக்கெண்டு படிச்சவரா எண்டதெல்லாம் அந்தக் கடைசிப் படியில் தீர்மானமாகுது. ஆகவே அந்தப் படியைப் பற்றிக் கதைக்கிற உரிமை பேராசிரியர்மாருக்கு மட்டும் சொந்தமில்லை எண்டு நாங்கள் நினைக்கிறம்.

போர்ட் சான்றிதழ் எண்டால் என்ன?

எங்கட நாட்டில பல் மருத்துவப் பட்டம் (பிடிஎஸ்) எடுத்தவர் பல் வைத்தியர். பல் பிடுங்குவார், அடைப்பார், வேர்ச்சிகிச்சை செய்வார். அதுக்கு மேல ஒரு துறையில விசேட வைத்திய நிபுணராக வேணுமெண்டால் கொழும்புப் பல்கலைக்கழகத்தோட சேர்ந்த பட்டப்பின் மருத்துவ நிறுவகத்துக்குப் போகவேணும். 1980இல் இருந்து இந்த நாட்டின் மருத்துவ நிபுணர்களை உருவாக்கிற இடம் அதுதான். பல் மருத்துவத்திலும் வாய் முக தாடை சத்திரசிகிச்சை, பற்சீரமைப்பு, பல் மீளமைப்பு, சமுதாயப் பல் மருத்துவம் எண்டு பல துறைகள் அங்கே இருக்கு.

பாதை நீளமானது. முதல்ல தெரிவுப் பரீட்சை. பிறகு வருடக்கணக்கில் வைத்தியசாலைப் பயிற்சி. பிறகு எழுத்து, நோயாளியை வைத்துச் செய்யும் பரிசோதனை, வைவா எல்லாம் சேர்ந்த எம்டி பரீட்சை. அதில சித்தியடைந்தாலும் நிபுணர் இல்லை. பட்டத்துக்குப் பிந்திய பயிற்சி இருக்கு. அதில ஒரு பகுதியை வழமையாக இங்கிலாந்து, அவுஸ்திரேலியா போன்ற வெளிநாட்டில செய்யவேணும். திரும்பி வந்தபிறகு, தான் செய்த வேலைகளின் பதிவேட்டைக் கொண்டுபோய் ஒரு கடைசி மதிப்பீட்டுக்கு முகம் கொடுக்கவேணும். அதுவும் சரியெண்டால்தான் ‘போர்ட் சேர்ட்டிபைட்’. அதுக்குப் பிறகுதான் அரசாங்க வைத்தியசாலையில நிபுணராக நியமனம்.

அதாவது எங்களிட்ட இந்தச் சான்றிதழ் கட்டாயம். இது இல்லாமல் நிபுணர் கதிரை இல்லை. இது எல்லா நாட்டிலும் இப்படித்தான் எண்டு நினைக்கவேண்டாம். இந்தச் சொல்லே அமெரிக்காவில பிரபலமானது. அங்கே கதை வேற மாதிரி. நிபுணர்கள் தங்கட பரீட்சையைப் பற்றித் தங்களுக்குள்ளேயே வெளிப்படையாக வாதாடினதும் அங்கேதான். எங்களுக்குத் தேவையான கேள்வி அந்த வாதத்துக்குள்ள இருக்கிறதால, ஒருக்கா அங்க போயிட்டு வருவம்.

அரை மில்லிமீற்றர் கணக்கு

1929இல் அமெரிக்கப் பற்சீரமைப்பு நிபுணர்கள் தங்களுக்கெண்டு ஒரு சான்றிதழ்ச் சபையை அமைச்சினம். பல் மருத்துவத்தில் இப்படி எழும்பின முதல் சபை அது. 1946இல் வாய் முக தாடை சத்திரசிகிச்சைக்கும் ஒரு சபை வந்தது. இப்ப அங்கே அங்கீகரிக்கப்பட்ட பல் மருத்துவ நிபுணத்துவங்கள் 12.

ஆனால் அங்கே ஒருவர் அங்கீகாரம் பெற்ற நிபுணத்துவப் பயிற்சியை முடிச்சு, மாநில அனுமதியும் எடுத்தால், பொதுவாகப் பற்சீரமைப்பு நிபுணர் எண்டு வேலை செய்யலாம். சபையின் பரீட்சை விருப்பத்துக்குரியது. எழுதினவர் ‘போர்ட் சேர்ட்டிபைட்’. பயிற்சியை முடிச்சு இன்னும் எழுதாதவர் ‘போர்ட் எலிஜிபிள்’. கதிரையில வாயைத் திறந்துகொண்டு கிடக்கிற நோயாளிக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியுமா? அநேகமாகத் தெரியாது. ‘எழுதினாலும் நோயாளி கேட்கப்போறதில்லை, எழுதாட்டிலும் வருமானம் குறையாது, பிறகேன் மினக்கெடுவான்?’ எண்ட வாதம் அங்கே நிபுணர்களிட்டயே உண்டு. ‘என்னை நானே அளந்து பார்க்க வேற வழி இல்லை’ எண்டு எழுதுறவையும் இருக்கினம். சத்திரசிகிச்சைத் துறையில நிலைமை கொஞ்சம் வேற. அங்கே சான்றிதழ் இல்லாதவருக்குச் சத்திரசிகிச்சைக் கூடத்தின் கதவைத் திறக்கப் பல வைத்தியசாலைகள் யோசிக்கும்.

பற்சீரமைப்புச் சபையின் மருத்துவப் பரீட்சை கனகாலம் இப்படி நடந்தது. பரீட்சார்த்தி தான் சிகிச்சை செய்து முடிச்ச நோயாளிகளின் பதிவுகளைக் கொண்டுவரவேணும். பிற்காலத்தில வழமையாக ஆறு பேருடைய பதிவுகள். தொடக்கத்தில எடுத்த படங்கள், எக்ஸ்ரே, பல் அச்சுகள், முடிவில எடுத்தவை எண்டு எல்லாம் வேணும். ஒவ்வொரு நோயாளியின் பிரச்சினையும் எவ்வளவு சிக்கலானது எண்டதுக்கு ஒரு கணக்கு. சிகிச்சை எவ்வளவு சுத்தமாக முடிஞ்சது எண்டதுக்கு இன்னொரு கணக்கு. அந்த இரண்டாவது கணக்கில, ஒரு பல் இருக்கவேண்டிய இடத்தில இருந்து அரை மில்லிமீற்றருக்கு மேல விலகினால் ஒரு புள்ளி கழியும். ஒரு மில்லிமீற்றருக்கு மேல விலகினால் இரண்டு.

2019இல் அந்தச் சபை இதைக் கைவிட்டது. இப்ப பரீட்சார்த்தி சொந்த நோயாளியைக் கொண்டுவரத் தேவையில்லை. சபையே தயாரிச்ச நோயாளிக் கதைகள் எல்லாருக்கும் தரப்படும். பிரச்சினை என்ன, என்ன இலக்கு வைப்பாய், எப்படிச் செய்வாய், இடையில பிழைச்சால் என்ன செய்வாய், இந்த முடிவில என்ன குறை காண்கிறாய் எண்டு கேள்விகள் வரும்.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கு

பழைய முறையை ஆதரிக்கிறவையின் வாதம் சுலபமா விளங்கும். ஒரு மேசன் நல்லவரா எண்டு அறிய அவர் கட்டின வீட்டைப் பார்க்கவேணும். வீடு கட்டுறதைப் பற்றி அவர் சொல்லுற கதையைக் கேட்டு முடிவெடுக்க ஏலாது. பற்சீரமைப்பு ஒரு நாள் வேலை இல்லை. இரண்டு வருடம் எடுக்கும். அந்த இரண்டு வருடமும் ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் முடிவுக்குக் கொண்டுவந்தவர்தான் நிபுணர். ஆறு நோயாளிகளின் பதிவைத் தேடி ஒழுங்குபடுத்தும்போதே தன்ர வேலையில எங்க ஓட்டை இருக்கு எண்டு அவருக்குத் தெரிஞ்சுவிடும். அந்தப் படிப்பினையை எந்தக் கதைக் கேள்வியும் தராது எண்டு அவை சொல்லுவினம்.

மற்றப் பக்கத்து வாதத்தையும் கேளுங்கோ. மேசன் தான் கட்டின வீடுகள் எல்லாத்தையும் காட்டவில்லை, தானே தெரிவுசெய்த ஆறைத்தான் காட்டுறார். நூறு நோயாளியில திறமா முடிஞ்ச ஆறு பேரைக் கொண்டுவந்தால், மற்றத் தொண்ணூற்று நான்கு பேரைப் பற்றி எங்களுக்கு என்ன தெரியும்? பயிற்சிக் காலத்தில செய்த வேலையெண்டால் அதில ஆசிரியரின் கை எவ்வளவு, மாணவரின் கை எவ்வளவு? நோயாளி இடையில ஊர் மாறிப் போனால் அந்தப் பதிவு வீண். எல்லாத்தையும் விடப் பெரிய பிரச்சினை ஒன்று இருக்கு. பரீட்சைக்குப் புள்ளி வேணும் எண்டதுக்காக, நோயாளிக்குப் போதும் எண்ட கட்டத்துக்குப் பிறகும் கம்பியைக் கழட்டாமல் இன்னும் சில மாதம் இழுக்கிற ஆசை வரலாம். கால் மில்லிமீற்றருக்காக ஒரு பதினைஞ்சு வயதுப் பிள்ளை ஏன் இன்னும் ஆறு மாதம் கம்பியோட திரியவேணும்?

ஒரே கேள்வியை எல்லாருக்கும் கொடுத்தால் இதெல்லாம் தீரும் எண்டது புதிய முறையின் பலம். ஆனால் அதுக்கும் ஒரு எல்லை இருக்கு. மருத்துவக் கல்வியைப் பற்றி எழுதின ஜோர்ஜ் மில்லர் 1990இல் ஒரு கூம்பு வரைஞ்சார். அடியில ‘தெரியும்’. அதுக்கு மேல ‘எப்படியெண்டு தெரியும்’. அதுக்கும் மேல ‘செய்து காட்டுவான்’. உச்சியில ‘உண்மையான வேலையில செய்கிறான்’. எழுத்துப் பரீட்சை அடித்தட்டைத்தான் அளக்கும். கதைக் கேள்வி இரண்டாம் தட்டு வரைக்கும் போகும். ஸ்கொட்லாந்தின் டண்டியில ரொனால்ட் ஹார்டனும் கூட்டாளிகளும் 1975இல் அறிமுகப்படுத்தின முறை, அதாவது பரீட்சார்த்தி மேசை மேசையாகச் சென்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு வேலையைச் செய்து காட்டுறது, மூன்றாம் தட்டு. பரீட்சகர் பார்க்காத நேரத்தில, கிளினிக்கில நாற்பதாவது நோயாளி உள்ளே வரேக்க அவர் என்ன செய்கிறார் எண்டதுதான் உச்சி. அதைத் தொட முயற்சி செய்தது பழைய முறைதான், நேர்மைக் குறைவோட எண்டாலும்.

எங்களுக்கு இதில விளங்கினது இதுதான். எல்லாருக்கும் சமமா நடக்கிற பரீட்சை உண்மையான வேலையில இருந்து விலகி நிற்கும். உண்மையான வேலைக்குக் கிட்ட வாற பரீட்சையில சமத்துவம் குறையும். ஆகவே ஒரு பரீட்சையை மட்டும் நம்பி ‘இவர் இனி வாழ்நாள் முழுக்க நிபுணர்’ எண்டு முத்திரை குத்துறது சரியில்லை.

எங்கட வாய், எங்கட மொழி

இப்ப திரும்பி எங்கட நாட்டுக்கு வருவம். கட்டாயச் சான்றிதழ், நீண்ட பயிற்சி, பரீட்சையோட சேர்த்துச் செய்த வேலையின் பதிவேடு எண்டு பார்த்தால், எங்கட அமைப்பு தாளில அமெரிக்க முறையை விட உறுதியானது. அதைக் குறைச்சுச் சொல்ல எங்களுக்கு விருப்பமில்லை. ஆனால் ஒரு முக்கியமான விசயத்தில எங்கட பரீட்சை நோயாளியிட்ட இருந்து தள்ளித்தான் நிற்குது. அது மொழி.

பட்டப்பின் படிப்பும் பரீட்சையும் ஆங்கிலத்தில். அதுக்குக் காரணம் இருக்கு: புத்தகம், ஆய்வு, வெளிநாட்டுப் பயிற்சி எல்லாம் ஆங்கிலம். அதில எங்களுக்குப் பிணக்கில்லை. ஆனால் நோயாளி ஆங்கிலத்தில நோகிறதில்லை. ‘பல்லுக் கூசுது’, ‘விண் விண் எண்டு இடிக்குது’, ‘முரசு வீங்கியிருக்கு’, ‘வாய் ஆவெண்டு திறக்க ஏலாமல் இறுகுது’ — இந்த ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் ஒரு நோய்க்குறி இருக்கு. கூசுறது வேற, இடிக்கிறது வேற. இதை விளங்காத நிபுணர் எக்ஸ்ரேயை மட்டும் பார்த்து வைத்தியம் செய்யவேண்டி வரும்.

இலங்கை ஆண்களிட்ட அதிகம் காணப்படுற புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். வெற்றிலையோட புகையிலையும் பாக்கும் சேர்த்துச் சப்புற பழக்கம் அதுக்குப் பெரிய காரணம். தோட்டத்தில, வயலில, கடலில வேலை செய்கிற எங்கட சனத்திட்ட அந்தப் பழக்கம் எவ்வளவு ஊறியிருக்கு எண்டு உங்களுக்கே தெரியும். வாய்க்குள்ள வாற வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, ஆறாத புண், பாக்குச் சப்பிச் சப்பி இறுகிப்போற கன்னம் எல்லாம் முன்கூட்டியே வாற எச்சரிக்கை. அந்தக் கட்டத்தில பிடிச்சால் உயிரைக் காப்பாற்றலாம். பிந்தினால் நாக்கில ஒரு பகுதி, தாடையில ஒரு பகுதி எண்டு வெட்டவேண்டி வரும். சாப்பாடு, பேச்சு, முகம் எல்லாம் மாறும்.

அந்தச் செய்தியை ஒரு லயத்து அப்பாவுக்குச் சொல்லுறவர் ஒரு போர்ட் சேர்ட்டிபைட் நிபுணர். என்ன வெட்டப்போறம், ஏன் வெட்டவேணும், வெட்டாட்டில் என்ன நடக்கும், பிறகு எப்படிச் சாப்பிடலாம் எண்டெல்லாம் அந்த மனுசனுக்கு விளங்கினால்தான் அவர் ஓம் எண்டு சொல்லுற கையெழுத்துக்கு அர்த்தம் இருக்கு. நிபுணருக்குத் தமிழ் தெரியாட்டில், பக்கத்தில நிற்கிற தாதியோ சிற்றூழியரோ, சிலவேளை நோயாளியின் பத்து வயது மகளோ மொழிபெயர்க்கிறதை வைத்தியசாலைக்குப் போய்வந்தவை கண்டிருப்பினம். இதே மாதிரித் தமிழ் நிபுணர் ஒருவர் சிங்களம் மட்டும் தெரிஞ்ச அம்மாவோட மல்லுக்கட்டுறதும் நடக்குது. இது இன வாதம் இல்லை, வைத்திய வாதம். அரை மில்லிமீற்றரை அளக்கத் தெரிஞ்ச தொழிலுக்கு, நோயாளிக்கு விளங்கினதா எண்டு அளக்க ஏன் மனம் வரக்கூடாது?

இன்னொன்றையும் சொல்லவேணும். யாழ்ப்பாணத்தில 1978இல் இருந்து மருத்துவ பீடம் இருக்கு. பல் மருத்துவ பீடம் இல்லை. எங்கட பிள்ளைகள் பேராதனைக்குப் போய்ப் படிக்கினம். படிச்சு வந்தபிறகு நிபுணராகவேணுமெண்டால் கொழும்பு, பிறகு வெளிநாடு. 2022 நெருக்கடிக்குப் பிறகு நாட்டை விட்டுப் போன வைத்தியர்கள் எத்தனை பேர் எண்டு எங்கட குடும்பங்களுக்குள்ளேயே எண்ணிப் பார்க்கலாம். போனவையைத் திட்ட நாங்கள் வரவில்லை. ஆனால் நிபுணர் ஒருவர் உருவாக இவ்வளவு வருடம் எடுக்கிற நாட்டில, அந்தப் பாதையில ஒருவர் சித்தியடையாமல் நிற்கும்போது ‘ஏன் சித்தியில்லை’ எண்டதைத் தெளிவாகச் சொல்லுறது மரியாதை மட்டுமில்லை, நாட்டுக்கு இலாபமும்கூட. நாங்கள் இழக்கிறது ஒரு பரீட்சார்த்தியை அல்ல, ஒரு மாவட்டத்துக்கு வரவேண்டிய நிபுணரை.

நாங்கள் கேட்கிறது

பரீட்சையை இலேசாக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. முகத்தில கத்தி வைக்கிறவருக்குப் பரீட்சை கஷ்டமாகத்தான் இருக்கவேணும். நாங்கள் கேட்கிறது நான்கு விசயம்.

முதலாவது, கடைசி மதிப்பீட்டில நோயாளியோட கதைக்கிறதும் ஒரு பகுதியாக, புள்ளியோட இருக்கட்டும். தமிழில ஒரு நோயாளி, சிங்களத்தில ஒரு நோயாளி. இலக்கணம் பார்க்கவேண்டாம். சத்திரசிகிச்சையைப் பற்றி நிபுணர் சொன்னதை நோயாளி தன்ர சொல்லில திருப்பிச் சொல்லட்டும். சரியாகச் சொன்னால் நிபுணருக்குப் புள்ளி.

இரண்டாவது, பதிவேட்டில பரீட்சார்த்தி தானே தெரிவுசெய்த நல்ல வேலைகள் மட்டும் இருந்தால் போதாது. பரீட்சகர்கள் எழுந்தமானமாகப் பொறுக்கின சிலதும், பிழைச்சுப்போன ஒன்றும் இருக்கட்டும். பிழைச்ச இடத்தில என்ன செய்தாய் எண்ட கேள்விக்கு வாற பதிலில்தான் நிபுணர் தெரிவார். மேசன் தெரிவுசெய்த ஆறு வீட்டுக்கு இதுதான் மருந்து.

மூன்றாவது, சான்றிதழுக்கு ஒரு காலம் இருக்கட்டும். அமெரிக்கப் பற்சீரமைப்புச் சபை இப்ப கொடுக்கிற சான்றிதழைப் பத்து வருடத்துக்கு ஒருக்காப் புதுப்பிக்கவேணும். மோட்டார் சைக்கிள் லைசன்ஸுக்கே முடிவுத் திகதி இருக்கேக்க, முப்பத்தைஞ்சு வயதில எடுத்த சான்றிதழை ஓய்வு பெறும்வரைக்கும் சுவரில மாட்டி வைச்சிருக்கிறது பொருந்தாது. அதுக்காகத் திரும்ப எழுத்துப் பரீட்சை வைக்கவேண்டாம். செய்த வேலையைச் சக நிபுணர்கள் பார்த்தாலே போதும்.

நான்காவது, யார் எந்தத் துறையில நிபுணர் எண்டதை மூன்று மொழியிலும் ஒரு நிமிசத்தில தேடிப் பார்க்கக்கூடிய ஒரு பொதுப் பட்டியல் இருக்கட்டும். முகநூலில ‘கம்பி போடுறம், தவணைக் கட்டணம்’ எண்டு வாற விளம்பரத்தைப் பார்த்து எங்கட வயதுப் பிள்ளைகள் போகினம். கம்பி போடுற எல்லாரும் பற்சீரமைப்பு நிபுணர் இல்லை எண்டது அவைக்குத் தெரியவேணும். பல் வைத்தியர் ஒருவர் தனக்குத் தெரிஞ்சதைத் தன்ர எல்லைக்குள்ள செய்யிறதில குற்றம் இல்லை. ஆனால் யாரிட்டப் போறம் எண்டு தெரிஞ்சு போறது எங்கட உரிமை.

இதை வாசிக்கிறவையில சிலர் இப்ப பேராதனையில இருக்கலாம். உங்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளைக்கு நீங்கள் பரீட்சகர் கதிரையில இருப்பீங்கள். அப்ப கேள்வித்தாளை எழுதமுதல், உங்கட அம்மம்மாவை அந்த நோயாளிக் கதிரையில இருத்திப் பாருங்கோ. அவவுக்கு எது தேவையோ அதுக்குப் புள்ளி போடுங்கோ.

மற்றவைக்கும் ஒரு சின்ன வேலை இருக்கு. அடுத்த தடவை பல்லுக்குப் போகேக்க மூன்று கேள்வி கேளுங்கோ: நீங்கள் எந்தத் துறையில விசேடமாகப் படிச்சனீங்கள்? எனக்கு என்ன செய்யப்போறீங்கள்? செய்யாமல் விட்டால் என்ன நடக்கும்? கேட்கிறதுக்குக் கூச்சப்படவேண்டாம். நல்ல நிபுணர் கோபிக்கமாட்டார். இதைவிடக் கஷ்டமான கேள்விகளுக்கு அவர் வருடக்கணக்காகப் பதில் சொல்லித்தான் அந்த இடத்துக்கு வந்திருக்கிறார்.